வாங்கிய ஃப்ளாட்டில் ஓதம், விற்றவருக்கு எப்படி எழுதுவது? அவசரம்

பானஸ்வாடி வாசி:
ஃப்ளாட் ரெஜிஸ்டர் ஆகி, பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டோம். போன வார மழையில் படுக்கையறைச் சுவரில் ஓதம். அலமாரியை நகர்த்தினால் பின்னால் மட்டும் புதுப் பெயிண்ட், அதுவும் உப்பிக்கொண்டு நிற்கிறது. நகத்தால் சுரண்டினேன். பட்டி மாவாக உதிர்ந்தது, அடியில் பழைய பழுப்பு வளையம். தெரிந்தே மூடியிருக்கிறார்கள். எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? நாளை பெயிண்டர் வருகிறார்.

அல்சூர் மணி:
பெயிண்டரை முதலில் நிறுத்துங்கள். பில்டரிடம் வாங்கியதா, ரீசேலா? எந்த மாடி? பத்திரம் எப்போது?

செல்வி, கே.ஆர்.புரம்:
மேல்வீட்டு பாத்ரூம்தான், சந்தேகமே வேண்டாம். எங்களுக்கும் இப்படித்தான். வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்துப் பாருங்கள்.

ரகு:
ரேராவில், அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், புகார் போடுங்க. 5 வருஷம் பில்டர் பொறுப்பு.

பத்திரப்புலி:
ரகு தம்பி, பாதிப் படிப்பு ஆபத்து. ரேரா சட்டத்தின் பிரிவு 14(3) பில்டருக்குத்தான். வீடு ஒப்படைத்து 5 வருடத்துக்குள் சொன்னால் 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும். ரீசேலில் அந்தப் பேச்சே கிடையாது.

அல்சூர் மணி:
புலி சார், கிடையாது என்று முடித்துவிடாதீர்கள். அதே சட்டத்தின் 2(டி)யில் பின்னால் விலைக்கு வாங்கியவரும் வருகிறார். கட்டடத்தின் வயதைக் கேட்காமல் எப்படிச் சொல்வது?

பானஸ்வாடி வாசி:
ரீசேல். 2வது மாடி. கட்டி 11 வருடம். பத்திரம் மார்ச்சில்.

அல்சூர் மணி:
சரி, அப்படியானால் ரேரா இல்லை. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் மோசடி.

பத்திரப்புலி:
சாதாரணக் கவனம் என்றால் அலமாரியை நகர்த்திப் பார்ப்பதும்தான். நான் வீடு பார்க்கப் போனால் டார்ச் இல்லாமல் போவதில்லை.

செல்வி, கே.ஆர்.புரம்:
ஆள் குடியிருக்கும் வீட்டில், துணிமணி நிறைந்த அலமாரியை நகர்த்தச் சொல்ல முடியுமா அண்ணா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த அறைக்குள் போகவே தயங்கினோம் நாங்கள். மறைத்தவரை விட்டுவிட்டு ஏமாந்தவரைக் கேட்கிறீர்கள்.

பத்திரப்புலி:
கோர்ட்டில் எதிர்த்தரப்பு கேட்பதைத்தான் கேட்டேன்.

அல்சூர் மணி:
இந்தச் சட்டத்தில் இத்தனை நாள் என்று கெடு இல்லை. வழக்குக்குப் பொதுவாக 3 வருடம். மோசடி என்றால் தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். எந்தத் தேதியில், எந்தச் சுவரில், என்ன பார்த்தீர்கள் என்று எழுதி, போட்டோ, இன்ஜினியரின் செலவு மதிப்பீடு இணைத்து, 15 நாளில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த பட்டியையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

ரகு:
வாட்ஸ்அப் போதாதா?

அல்சூர் மணி:
அதுவும் அனுப்பலாம். மொபைலை மாற்றும்போது அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பானஸ்வாடி வாசி:
மேல்வீட்டில் தண்ணீர் கட்டினோம், ஓதம் கூடவில்லை. வெளிச்சுவர் விரிசல் என்கிறார் இன்ஜினியர். கடிதம் போய்விட்டது. விற்றவர் ஞாயிற்றுக்கிழமை ஆளோடு வருகிறாராம். பெயிண்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நன்றி மணி அண்ணா, செல்வி அக்கா.