டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆன்டிபயாடிக்: ஊசி நின்றபின் இன்னும் எத்தனை நாள்?

டியூட்டி டாக்டர், தஞ்சாவூர்:

சின்ன நர்சிங் ஹோம். ஊசி நின்றதும் "செஃபிக்ஸிம் 200, 1–0–1, 7 நாள்" (காலை, இரவு) என்று எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியிலும் (வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டு) எழுதுவது இங்கே வழக்கமாகிவிட்டது. மூன்று விஷயத்தில் தெளிவு வேண்டும்.

62 வயது, சர்க்கரை நோயாளி, நிமோனியா. செஃப்ட்ரியாக்ஸோன் 4 நாள், அஸித்ரோமைசின் 500 மி.கி. 3 நாள் முடிந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை, ஆக்ஸிஜன் வைக்காமலே 96 காட்டுகிறது. இவருக்கு மேலும் 7 நாள் தேவையா? தேவையென்றால் எந்த மாத்திரை?

இன்னொருவருக்கு மெஷ் (வலை) வைத்த ஹெர்னியா ஆபரேஷன், காயம் சுத்தமாக இருக்கிறது. 5 நாள் மாத்திரை எழுதச் சொல்கிறார் சர்ஜன்.

மூன்றாவது, நோயாளி வீட்டுக்குப் போனபின் வரும் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) ரிப்போர்ட்டை என்ன செய்வது?

பொது மருத்துவம், மதுரை:

டாக்டர், நாளை டிஸ்சார்ஜிலிருந்து எண்ணாதீர்கள். வேலை செய்யும் முதல் டோஸ் போன நாள்தான் முதல் நாள். 4 நாள் ஊசியோடு 7 நாள் மாத்திரை சேர்ந்தால் 11 நாள் ஆகிறது. சாதாரண நிமோனியாவுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. குறைந்தது 5 நாள், அதில் கடைசி 48 மணி நேரமாவது நிலைமை சீராக இருக்க வேண்டும்: வெப்பம் 37.8-க்குள், நாடித்துடிப்பு 100-க்குள், மூச்சு நிமிடத்துக்கு 24-க்குள், மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் குறையாமல், ஆக்ஸிஜன் 90-க்குக் குறையாமல், சாப்பாடு இறங்கி, புத்தி தெளிவாக. உங்கள் நோயாளிக்கு இதெல்லாம் பொருந்தினால் இன்னும் ஒரு நாள் போதும். வயதையும் சர்க்கரையையும் நினைத்துத் தயங்கினால் மொத்தம் 7 நாளாக்குங்கள். அதைத் தாண்டினால் காரணத்தை சம்மரியில் எழுதியாக வேண்டும். எக்ஸ்-ரே தெளியவில்லை, இருமல் நிற்கவில்லை என்பதெல்லாம் காரணமே இல்லை. இரண்டுக்கும் வாரக்கணக்கில் ஆகும். அஸித்ரோ முடிந்துவிட்டது, தொடர வேண்டாம்.

செஃபிக்ஸிமை செஃப்ட்ரியாக்ஸோனின் மாத்திரை வடிவம் என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். குடலில் பாதிகூட உறிஞ்சப்படாது. ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்கு எடுபடாது, பென்சிலினுக்கு அடங்காத நியூமோகாக்கஸிடமும் (நிமோனியாவின் முக்கியக் கிருமி) பலம் குறைவு. அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் 625 மி.கி. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். லெவோஃப்ளாக்ஸசின் நன்றாக உறிஞ்சப்படும், ஆனால் நம் ஊரில் காசநோயை மறைத்துவிடும்: சில நாள் தேறியதுபோல் காட்டி, கண்டறிவதைத் தள்ளிப்போடும். சந்தேகம் இருந்தால் முதலில் சளியை சிபிநாட்டுக்கு (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். தஞ்சை வட்டாரம், வயலில் இறங்குகிறவர், கட்டுப்படாத சர்க்கரை, காய்ச்சல் போய்ப் போய்த் திரும்புகிறது அல்லது ஸ்கேனில் கல்லீரல், மண்ணீரலில் சீழ்க்கட்டி என்றால் மெலியாய்டோசிஸை (மண், தண்ணீரிலிருந்து தொற்றும் பாக்டீரியா நோய்) நினையுங்கள். கல்ச்சரில் "சூடோமோனாஸ் ஸ்பீசீஸ்" என்று வந்து, கோலிஸ்டினுக்கும் ஜென்டாமைசினுக்கும் எதிர்ப்பு காட்டி, அமாக்ஸிக்ளாவுக்குக் கட்டுப்பட்டால் அது மெலியாய்டோசிஸ் கிருமியாக இருக்கலாம், லேபை உடனே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மெலியாய்டோசிஸுக்கு செஃப்டாஸிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோட்ரைமாக்ஸசோல் 3 மாதமாவது. அங்கே 5 நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட், கோவை:

மொத்தம் 7 நாள் என்று முடிவானால் அந்த வரியை இப்படி எழுதலாம். ஊசி தொடங்கியது 3-ம் தேதி, கடைசி ஊசி 6-ம் தேதி என்று வைத்துக்கொள்வோம்:

"மாத்திரை அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் 625 மி.கி., 1–1–1, சாப்பாடு ஆரம்பிக்கும்போது. நிமோனியாவுக்கு. தொடக்கம் 7-ம் தேதி காலை, கடைசி மாத்திரை 9-ம் தேதி இரவு. மொத்தம் 9 (ஒன்பது) மாத்திரை."

"7 நாள்" என்று மட்டும் எழுதினால் மெடிக்கல் ஷாப்பில் 21 மாத்திரை கொடுப்பார்கள், அவர்கள் மேல் தப்பு இல்லை. எண்ணிக்கையை எழுத்திலும் எழுதினால் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்க அவர்களுக்கும் வசதி. முடியும் தேதி இருந்தால், அடுத்த மாதம் அதே சீட்டோடு வருகிறவருக்கு மறுபடி கொடுக்க மாட்டார்கள். 625-ஐப் பழக்கத்தில் 1–0–1 என்று எழுதிவிடுகிறோம். கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வேலை செய்யும் அளவு) 10-க்கும் 30-க்கும் இடையே இருப்பவருக்குத்தான் அந்த அளவு.

அதே தாளில் இருக்கும் மற்ற மருந்துகளையும் ஒருமுறை படியுங்கள். டாக்ஸிசைக்ளின், லெவோஃப்ளாக்ஸசின் எழுதிவிட்டு, அதே வேளைக்குக் கால்சியம், இரும்புச்சத்து, சுக்ரால்ஃபேட் போட்டால் மருந்து குடலிலேயே கட்டுண்டு போகும். லெவோவுக்கு 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டெல்மிசார்டனோ ஸ்பைரோனோலாக்டோனோ சாப்பிடுகிறவருக்கு கோட்ரைமாக்ஸசோல் கொடுத்தால் பொட்டாசியம் ஏறும், சில நாளில் ரத்தம் பார்க்க வேண்டும். அசிட்ரோம் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) சாப்பிடுகிறவருக்கு கோட்ரைமாக்ஸசோலும் மெட்ரோனிடஸோலும் ஐஎன்ஆரை (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) ஏற்றும்.

டியூட்டி டாக்டர், தஞ்சாவூர்:

நன்றி சார், ரொம்பத் தெளிவாக இருக்கிறது. ஹெர்னியா நோயாளிக்கு டிரெய்ன் (கசிவை வெளியேற்றும் குழாய்) இருக்கிறது, அதை எடுக்கும்வரையாவது கொடுக்கலாமே என்கிறார் சர்ஜன்.

மைக்ரோபயாலஜி, வேலூர்:

டிரெய்ன் இருப்பதற்காக ஆன்டிபயாடிக்கை நீட்டத் தேவையில்லை. கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபஸோலின் 2 கிராம். தையல் போட்டதும் அதன் வேலை முடிந்தது. ஆபரேஷன் முடிந்தபின் தடுப்புக்காகத் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. 5 நாள் மாத்திரை காயத்தைக் காக்காது. வயிற்றுப்போக்கும் எதிர்ப்புக் கிருமியும்தான் மிச்சம். குடல்வால் வெடித்த வயிறு வேறு விஷயம், அது தடுப்பு இல்லை, சிகிச்சை. அங்கேயும் சீழ் முழுதாக வெளியேறியிருந்தால் அதன்பின் சுமார் 4 நாள் போதும்.

கல்ச்சருக்கு ஒரு நோட்டு போடுங்கள். நோயாளி பெயர், போன் நம்பர், என்ன சாம்பிள், அனுப்பிய தேதி, ரிப்போர்ட் பார்த்தவர் கையெழுத்து, அழைத்துச் சொன்ன நேரம். காலை டியூட்டி மாறும்போது அதைத் திறக்க வேண்டும். யூரின் கல்ச்சர் இரண்டு, மூன்று நாளில் வந்துவிடும். பிளட் கல்ச்சருக்கு 5 நாள். "கல்ச்சர் வரவேண்டியுள்ளது" என்று சம்மரியின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பிளட் கல்ச்சரில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வந்தால் அன்றே திரும்ப அட்மிஷன். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும், கல்ச்சர் நெகட்டிவ் ஆன நாளிலிருந்து குறைந்தது 14 நாள் ஊசி. யூரினில் ஈ.கோலை ஒரு லட்சம் காலனி வந்தால் மருந்தைத் தேடுவதற்கு முன் போன் போட்டு எரிச்சல், காய்ச்சல், விலாவலி இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவும் இல்லையென்றால், பஸ் செல் (சீழ் அணு) எத்தனை இருந்தாலும் மருந்து வேண்டாம். கர்ப்பிணியும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவரும் மட்டும் விதிவிலக்கு. எரிச்சல் மட்டும் இருக்கும் பெண்ணுக்கு நைட்ரோஃபுரான்டாயின் 100 மி.கி. காலை, இரவு 5 நாள். காய்ச்சலோ விலாவலியோ இருந்தால் அது உதவாது, சிறுநீரகத் திசுவில் மருந்து போதிய அளவு சேராது. அவரை நேரில் வரச் சொல்லுங்கள்.