பழைய கேசட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தால் வயலினும் கூடவே வருகிறது. உதவி தேவை

குறும்பட இசை:
ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை செய்கிறேன். இயக்குநரின் மறைந்த பாட்டி பாடிய கச்சேரி கேசட் இருக்கிறது. அதிலுள்ள காம்போதி ஆலாபனையையும் கீர்த்தனையையும் எடுத்து, அடியில் ஸ்ட்ரிங்ஸ் (வயலின் போன்ற தந்தி வாத்தியங்கள்) போட வேண்டும். ஏஐ பிரிப்பு மென்பொருளில் கொடுத்ததும் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என நாலு டிராக் வந்தது. மிருதங்கம் டிரம்ஸிலும் பேஸிலுமாகச் சிதறிவிட்டது, அது பரவாயில்லை. குரல் டிராக்கில் வயலின் அப்படியே இருக்கிறது. கமகம் (சுரத்தை வளைத்து அசைத்துப் பாடுவது) வரும்போது தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கிறது. வேறு மாடல் போட்டால் சரியாகுமா?

சுருதிபேதம்:
பெரிதாக மாறாது. இந்த மாடல்கள் பலவும் மியூஸ்டிபி18 என்ற 150 பாட்டுத் தொகுப்பை வைத்துப் பழகியவை. பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். குரலை நிழல் போலத் தொடரும் வயலின் அவற்றுக்குப் பழக்கமே இல்லை. 2023-ல் வெளியான பீட்டில்ஸ் குழுவின் பாட்டுக்கு ஜான் லெனனின் பழைய கேசட்டிலிருந்து குரலைப் பிரித்தார்களே, அங்கே கூட இருந்தது பியானோ. தட்டியதும் தேயும் ஒலி, குரலோடு அவ்வளவாகக் குழம்பாது.

ஆலாபனையில் பாடகர் நிறுத்திய பிறகு வயலின் தனியாக வரும் இடங்களை முதலில் வெட்டி எறியுங்கள். கீர்த்தனையில் இரண்டும் சேர்ந்தே போகும், முழுதாகப் பிரியாது. அங்கே உங்கள் ஸ்கோரிலேயே ஒரு வயலினை அதே சங்கதியில் (அந்த வரியைப் பாடும் அதே மெட்டு வடிவில்) எழுதிவிடுங்கள், மிச்சம் அதற்குள் மறைந்துவிடும். தண்ணீர்ச் சத்தத்துக்கு, பிரித்த குரலுக்கு அடியில் அசல் பதிவைக் கொஞ்சம் கலந்து பாருங்கள். உங்கள் பிரிப்பு மென்பொருள் டெமுக்ஸ் என்றால் ஷிஃப்ட்ஸ் எண்ணை (பாட்டைச் சற்று நகர்த்தி எத்தனை முறை பிரித்துச் சராசரி எடுப்பது என்பதை) கூட்டலாம். நேரம் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் மெருகேறும்.

டேப் ஹெட்:
தம்பி, பிரிக்கும் முன் கேசட்டைக் கணினியில் சரியாக ஏற்றினீர்களா? டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைத் திருத்தினாலே மேல் ஒலிகள் தெளியும். இரைச்சல் நீக்கியை முதலிலேயே போடாதீர்கள், குரலின் ஓரத்தையும் அது தின்றுவிடும். அப்புறம் தம்புராவை வைத்துச் சுருதியைப் பாருங்கள். பழைய கேசட் டெக்கில் வேகம் பிசகியிருக்கும், அதைச் சரிசெய்த பிறகு ஸ்ட்ரிங்ஸ் எழுதுங்கள். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூன் பக்கம் போகவே வேண்டாம், கமகத்தைப் படிக்கட்டாக்கிவிடும்.

குறும்பட இசை:
நன்றி அண்ணா. ஆலாபனை நன்றாக வந்துவிட்டது, கீர்த்தனைக்கு வயலின் எழுதுகிறேன். இப்போது இயக்குநர் பாட்டி பாடாத இரண்டு வரியை அவர் குரலிலேயே ஏஐயில் கேட்கிறார்.

சுருதிபேதம்:
2024-ல் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் பயன்படுத்தியபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். இங்கே இயக்குநர் ஒருவர் சரி சொன்னால் போதாது. பாட்டியின் மற்ற பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தாலும் கீர்த்தனைப் பகுதியை ஏஐயின் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள், வயலினையும் பாட்டியின் குரலென்றே கற்றுக்கொள்ளும். ஆலாபனை மட்டும் கொடுத்தால் அதில் சாகித்யம் (பாடல் வரிகள்) இல்லை, வரியின் உச்சரிப்பு சொதப்பும். நானாக இருந்தால் அந்த இரண்டு வரியையும் உயிரோடிருக்கும் ஒரு பாடகியிடம் கொடுத்துவிடுவேன்.