செப்டிக் ஷாக்கில் கரோனரியை விரிக்கலாமா?

கேத்தி_மலையன்:
எஸ்டேட்டில் ஒருவருக்கு ஸ்க்ரப் டைபஸ் (சிற்றுண்ணி கடித்து வரும் தொற்றுக் காய்ச்சல்) முற்றி செப்டிக் ஷாக், அதாவது தொற்றால் பிரஷர் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரஷர் 70/40, டிரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம்) ஏறியிருக்கிறது, எக்கோவில் இதயம் சரியாகச் சுருங்கவில்லை. ரத்தம் போதாமல்தானே தசை தளர்கிறது? ரத்த நாளத்தை விரிக்கும் நைட்ரோகிளிசரின் சொட்டு போட்டு, இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரியை விரித்துக் கோவைக்கு அனுப்பினால் என்ன தப்பு?

குன்னூர்_டியூட்டி:
தப்பேதான். அந்தப் பிரஷரில் நைட்ரோகிளிசரின் போட்டால் அது இன்னும் இறங்கி, மலைப்பாதையில் பர்லியார் தாண்டுவதற்குள் ஆள் போய்விடுவார். அப்புறம், இப்படித் தொற்று முற்றிய செப்சிஸில் கரோனரி ஏற்கெனவே விரிந்துதான் கிடக்கிறது. உடலே உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடு அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. 1986-ல் அமெரிக்காவில் இந்த நோயாளிகளின் கரோனரி சைனஸில் (இதயத் தசையிலிருந்து ரத்தம் திரும்பும் நாளம்) கதீட்டர் என்ற மெல்லிய குழாயை வைத்து அளந்தார்கள். ஓட்டம் குறையவில்லை, சிலருக்கு அதிகமாகவே இருந்தது. ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும் தசை லாக்டேட் என்ற கழிவை வெளியே தள்ளும். இந்த இதயங்கள் தள்ளவில்லை.

கேத்தி_மலையன்:
சைனஸில் அளப்பது மொத்த ஓட்டம், டாக்டர். வாய்க்காலில் தண்ணீர் புரண்டு ஓடும், கடைசிக் கேரட் பாத்தி காய்ந்து கிடக்கும். நுண்நாளங்களில் என்ன நடக்கிறது என்று அந்தக் கதீட்டருக்குத் தெரியுமா? டிரோபோனின் சும்மாவா ஏறுகிறது?

கூடலூர்_சிஸ்டர்:
நுண்நாளக் கேள்வி நியாயமானது. ஆனால் டிரோபோனின் கசிய அடைப்பு வேண்டியதில்லை. அழற்சி தசையைத் தாக்கினாலே கசியும். சரி, கடைசிப் பாத்திக்கு எட்டவில்லை என்றே இருக்கட்டும். பெரிய மடையை இன்னும் அகலமாக்கி என்ன பயன்? தள்ளுவதற்கு அழுத்தம் வேண்டாமா? உடலுக்கு ரத்தம் தள்ளும் அறையான இடது வெண்ட்ரிக்கிளின் தசைக்கு, துடிப்புகளுக்கு நடுவே இதயம் ஓய்ந்திருக்கும் டயஸ்டோலில்தான் பெரும்பாலான ரத்தம் போகிறது. அந்த நேரத்து அழுத்தமான 40-ஐயும் இறக்குவதா?

கேத்தி_மலையன்:
அதற்கு, பிரஷரை ஏற்ற நீங்கள் போடும் நாரட்ரினலின் நாளத்தைச் சுருக்குமே!

குன்னூர்_டியூட்டி:
தோலிலும் குடலிலும் சுருக்கும். கரோனரியில் தள்ளும் அழுத்தம் கூடுவதால் ஓட்டம் பொதுவாகக் குறைவதில்லை. சராசரி அழுத்தம் இப்போது 50. 65-க்கு ஏற்றுவதுதான் முதல் வேலை. டோஸ் எகிறினால் விரல் கறுக்கும், இதயத் துடிப்பின் ரிதம் கெடும், அதை மறுக்கவில்லை. இன்னொன்று: 1984-லேயே பார்த்துவிட்டார்கள், பிழைத்தவர்களுக்குச் சுருங்கும் திறன் 7 முதல் 10 நாளில் திரும்பிவிட்டது. ரத்தமின்றிச் செத்த தசை திரும்புமா?

கேத்தி_மலையன்:
சாகாமல் மரத்துப்போன தசையும் திரும்பும். இது ஒன்றும் ஆதாரமில்லை. ஆனால் நைட்ரோகிளிசரினை விட்டுவிடுகிறேன். 40-க்கு என்னிடம் பதிலில்லை.

கூடலூர்_சிஸ்டர்:
அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஸ்க்ரப் டைபஸின் அடையாளமான கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? அதற்கான ஆன்டிபயாட்டிக் டாக்ஸிசைக்ளின் முதல் டோஸ் ஏறாமல் ஆம்புலன்ஸைக் கிளப்பாதீர்கள்.