தையல் மிஷின்: ஆன்லைனிலா, ஜங்ஷன் கடையிலா?

முக்கூடல் தங்கச்சி:
நானும் அம்மாவும் பீடி சுற்றுகிறோம். ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போய் ஜாக்கெட், சுடிதார், பாவாடை வரை பழகிவிட்டேன். இனி வீட்டில் வைத்தே தைக்கலாம் என்று ஒன்பதாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். காலால் மிதிக்கும் கறுப்புத் தலை மிஷின், ஸ்டாண்டும் பலகையும் சேர்த்து வேண்டும். ஆன்லைனில் 7,900 காட்டுகிறது. அதே கம்பெனி, அதே மாடலுக்கு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 9,400 சொன்னார்கள். 1,500 ரூபாய் எங்களுக்குப் பெரிய தொகை. எதை வாங்கலாம்?

பேட்டை டைலர்:
தங்கச்சி, கடையிலேயே வாங்கு. இருபத்தாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தையல் மிஷின், பெட்டியைப் பிரித்ததும் ஓடுகிற சாமான் இல்லை. தலை, அதாவது தைக்கிற மேல் பாகம், ஒரு பெட்டியில் வரும், ஸ்டாண்டு ஒன்றில், பலகை ஒன்றில். பூட்டத் தெரிந்த ஆள் வேண்டும். தோல் பெல்ட்டை அளவாக வெட்டிக் கிளிப் போட வேண்டும். இறுக்கமாகிவிட்டால் மிதிக்கக் கால் வலிக்கும், தொய்ந்தால் சக்கரம் வழுக்கும். ஊசி இறங்கி ஏறுகிற நேரத்துக்குச் சரியாக, அடியில் இருக்கும் ஷட்டில் வந்து நூலைப் பிடிக்க வேண்டும். வண்டியில் குலுங்கி வந்த தலையில் அந்த நேரம் மயிரிழை மாறியிருந்தாலும் தையல் விடும். புதிதாகத் தைக்க வந்த பிள்ளை, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். அப்படி மிஷினை மூடி வைத்துவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

களக்காட்டு மதினி:
அண்ணாச்சி சொல்வது கடைக்காரர் நல்லவராக இருந்தால்தான். எனக்கு நடந்ததைக் கேளுங்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் புது மிஷின் என்று வாங்கினேன். மூன்றாம் மாதம் அடித்தட்டு ஓரத்தில் பெயின்ட் உரிந்தது, உள்ளே பழைய பெயின்ட். பழைய தலையைத் தேய்த்து, புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டுதான் தந்திருந்தார்கள். வாரண்டி கார்டில் முத்திரையும் இல்லை, யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டாவது மிஷினை ஆன்லைனில் வாங்கினேன். பெட்டி பிரிப்பதை என் மகன் போனில் முழுதாகப் படம் எடுத்தான். ஸ்டாண்டில் ஒரு கால் விரிசல் விட்டிருந்தது. வீடியோவை அனுப்பினேன், ஒன்பதாம் நாள் வேறு ஸ்டாண்டு வந்துவிட்டது. யாரிடமும் கெஞ்சவில்லை. தங்கச்சி, உன் காசு, நீ தயங்காதே.

பாளை வாசகன்:
மதினி சொல்வதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்தது. விற்றவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆன்லைன் வணிகத்துக்கென்று வந்த 2020 விதிகளின்படி, புகார் கொடுத்த 48 மணி நேரத்தில் அது கிடைத்ததாகப் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். சரியான பில் தராத கடையில் வாங்கினால், வாங்கியதை நிரூபிப்பதே பெரும்பாடு.

பேட்டை டைலர்:
சட்டம் இருப்பது நல்லதுதான் தம்பி. ஆனால் ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தைக்கிறவர்கள் பக்கம் நின்று பாருங்கள். தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது மிஷின் நின்றால் என்ன ஆகும்? வாங்கி வைத்த ஜாக்கெட் துணியை எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு முறை திருப்பிக் கொடுத்தால் அடுத்த வருஷம் அந்த வீட்டுத் துணி வராது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனிலும் அப்படித்தான். மதினிக்கு ஒன்பது நாளில் ஸ்டாண்டு வந்தது சந்தோஷம். அந்த ஒன்பது நாள் அவர்கள் தைக்கவில்லையே.

இன்னொன்றும் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நாம் யாரும் மறக்க முடியாது. ஆற்றை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். என் தங்கை வீட்டில் மிஷின் இரண்டு நாள் முங்கிக் கிடந்தது. பலகை ஊதிப் பிளந்துவிட்டது, மோட்டார் போயே போய்விட்டது. அந்தத் தலையை விற்ற கடை மெக்கானிக், தானே வெள்ளத்தில் சாமான்களை இழந்தவர், நான்காம் நாள் சைக்கிளில் வந்தார். தலையை அக்கக்காகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டுப் பூட்டினார். வார்ப்பிரும்புத் தலை என்பதால் பிழைத்துக்கொண்டது. பொங்கலுக்கு அதில்தான் என் தங்கை பாவாடை தைத்தாள். வெள்ளத்துக்கு எந்த வாரண்டியும் கிடையாது. வந்தது அந்த மனிதர்தான்.

களக்காட்டு மதினி:
அண்ணாச்சி, இதைப் படிக்கும்போது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் உங்கள் தங்கை வீடு டவுனுக்குப் பக்கம். களக்காட்டுக்கு எந்த மெக்கானிக் வருகிறார்? நான் வாங்கிய கடையில் போன் பண்ணினால் "தலையைக் கழற்றிக் கொண்டு வாங்க" என்பார்கள். பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும் இரும்புத் தலையைச் சாக்கில் கட்டி, பஸ் படியில் ஏற்றி, ஒன்றரை மணி நேரம் மடியில் வைத்துப் போயிருக்கிறேன். போனால், ஊசியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். தட்டைப் பக்கம் மாறிப்போனால் தையல் விடும் என்று வாங்கிய அன்றே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

அதற்கப்புறம் வீடியோ பார்த்து நானே படித்தேன். ஷட்டிலைக் கழற்றி நூல் தூசி எடுப்பேன். துணியை நகர்த்தும் பல்லின் உயரத்தை ஏற்றி இறக்குவேன். அடிநூல் இருக்கும் பாபின் கேஸ் திருகைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது என்பதும் தெரியும். கிராமத்துப் பொம்பளைக்கு மிஷினைப் பிரிக்கத் தெரியாது என்று நினைத்துத்தான் எல்லோரும் கடையைச் சொல்கிறீர்கள்.

பேட்டை டைலர்:
அப்படி நினைக்கவில்லை மதினி. நீங்கள் படித்தது பெரிய காரியம். ஆனால் படித்து முடிக்க உங்களுக்கு எத்தனை மாதம் ஆனது? இந்தப் பிள்ளைக்கு முதல் மாதமே வருமானம் வேண்டும்.

புதியம்புத்தூர் ஜாப் ஒர்க்:
எங்கள் ஊரில் ரெடிமேட் துணி தைத்துத்தான் பாதி வீடுகளில் அடுப்பு எரிகிறது, அதனால் ஒரு வார்த்தை. தினம் எட்டு மணி நேரம் தைப்பதாக இருந்தால் சாதாரணத் தலை வேண்டாம், லிங்க் மாடல் பாருங்கள். நூலைத் தூக்கும் கை அதில் லிங்க்கில் ஓடுவதால் வேகத்திலும் சத்தம் குறைவு. பின்னால் மோட்டார் போட்டாலும் தாங்கும். ஃபாக்டரியில் ஓடும் பவர் மிஷினுக்கு இப்போது போக வேண்டாம், கரண்டும் இடமும் வேண்டும், அதன் ஊசியும் வேறு. உருண்டைத் தண்டு ஊசி வீட்டு மிஷினுக்குச் சேராது. ஆன்லைனில் வாங்கினால் "தலை மட்டும்" என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். படத்தில் ஸ்டாண்டு இருக்கும், பெட்டியில் இருக்காது. என் மைத்துனிக்கு அப்படித்தான் ஆனது.

வள்ளியூர்:
கையில் பிடித்துத் தைக்கிற, பேட்டரி போடுகிற குட்டி மிஷின் விளம்பரத்தில் மட்டும் ஏமாற வேண்டாம் தங்கச்சி. கிழிந்த ஓரத்தை ஒட்டுப்போட ஆகும், லைனிங் ஜாக்கெட் அதில் வராது.

பாளை வாசகன்:
விலையைப் பற்றி ஒன்று கேட்க மறந்தேன். அந்தக் கடையில் 9,400 எப்போது சொன்னார்கள்? 2025 செப்டம்பர் 22 முதல் தையல் மிஷினுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகிவிட்டது. 9,400 பழைய வரியோடு சொன்ன விலை என்றால், புதிய வரியில் ஏறக்குறைய 8,810 தான் வர வேண்டும். 590 ரூபாய் அங்கேயே குறைகிறது.

முக்கூடல் தங்கச்சி:
அண்ணாச்சி, மதினி, எல்லோருக்கும் நன்றி. வாசகன் அண்ணன் சொன்னதை வைத்து இன்று கடைக்குப் போன் பண்ணினேன். 9,400 போன வருஷத்து விலைப் பட்டியலாம். வரியைச் சொன்னதும் பார்த்துவிட்டு 8,800 என்றார்கள். அப்போது வித்தியாசம் 900 தான். இரண்டு தரம் ஆள் வந்து பார்ப்பார்களா என்று கேட்டேன். பூட்டித் தருவதற்கு ஒரு தரம், மூன்று மாதத்தில் ஒரு தரம் முக்கூடலுக்கே வருவதாகச் சொன்னார்கள். அதைப் பில்லின் பின்னால் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். லிங்க் மாடல் இன்னும் 1,100 கூட, அது இப்போது முடியாது. இருக்கிற காசுக்குச் சாதாரணத் தலைதான். சனிக்கிழமை அம்மாவோடு போகிறேன்.

களக்காட்டு மதினி:
நானாக இருந்தால் இப்போதும் ஆன்லைனில்தான் வாங்குவேன். ஆனால் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்கள், அதனால் போ. போகும்போது லைனிங் துணி ஒரு துண்டு, பழைய ஜீன்ஸ் ஒரு துண்டு, உன் பழைய ஜாக்கெட் துணி ஒன்று எடுத்துக்கொண்டு போ. மூன்றிலும் நீயே உட்கார்ந்து தைத்துப் பார், கடைக்காரர் தைத்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பாதே. தலையை அடியில் திருப்பிப் பெயின்ட்டைப் பார். அடித்தட்டில் வெட்டியிருக்கும் மிஷின் நம்பர் பில்லிலும் வாரண்டி கார்டிலும் ஏறாமல் பர்ஸைத் திறக்காதே.

பேட்டை டைலர்:
மதினி சொன்ன மூன்று துணியையும் அப்படியே கொண்டு போ. ஊசி 14-ஆம் நம்பரிலும் 16-ஆம் நம்பரிலும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிக்கொள், ஜீன்ஸுக்கு 16 போட்டுத் தை. மிஷின் எண்ணெய் ஒரு பாட்டிலும் கேட்டு வாங்கு. தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதே, உறைந்து பிடித்துக்கொள்ளும்.