"கம்ப்யூட்டரே போட்டுடும்ல?" என்று கேட்டவர்களோடு என் அனுபவம்

டேப்லெட்டில் வரைகிற யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. எனக்கு மனதில் நிற்கிற சிலவற்றை எழுதுகிறேன்.

ஒரு ஓவியக் கண்காட்சிக்குப் படம் அனுப்பியிருந்தேன். வயதானவர் ஒருவர் ஊசியில் நூல் கோக்கிற படம். ஏற்பாட்டாளர் போனில் கூப்பிட்டு, அந்த விரல்களைப் பற்றியே வெகுநேரம் பேசினார். எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா என்று கேட்டார். டிஜிட்டல் என்றேன். குரல் மாறிவிட்டது. "அப்ப ஓவியத்தில் சேர்க்க முடியாதே, டிசைன் பிரிவில் வேண்டுமானால் வைக்கலாம்" என்றார். பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி ஐபேடில் வரைந்தவற்றை 2012-ல் லண்டன் ராயல் அகாடமியில் சுவரில் மாட்டினார்களே என்று கேட்டேன். "அவர் ஹாக்னி" என்று பதில் வந்தது. அதாவது பெரிய பேர் இருந்தால் ஐபேட் பரவாயில்லை! எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1926-ல் சிற்பி பிரான்குசியின் 'வான்வெளியில் பறவை' சிற்பம் அமெரிக்காவுக்குப் போனபோது, சுங்க அதிகாரிகள் அதைக் கலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. கலைப்படைப்புக்கு வரி கிடையாது. இதையோ உலோகச் சாமான் கணக்கில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டார்கள். வழக்கு நடந்து, 1928-ல்தான் நீதிமன்றம் அது கலை என்று சொன்னது. அந்த இரண்டு வருஷத்தில் சிற்பம் துளிகூட மாறவில்லை.

அடுத்தது நல்ல அனுபவம். பல காலமாக எண்ணெய் வண்ணத்தில் வரைகிற பெரியவர் ஒருவர், "அன்டூ இருக்கே தம்பி, அப்புறம் உனக்கு என்ன பயம்?" என்றார். போட்ட கோட்டை ஒரே தட்டில் நீக்கிவிடும் வசதிதான் அன்டூ. இதுவரை நான் கேட்டதிலேயே நேர்மையான எதிர்ப்பு இதுதான். வாதம் செய்யாமல், டேப்லெட்டில் வரைகிற பேனாவான ஸ்டைலஸை அவர் கையில் கொடுத்து, அதே படத்தின் கட்டைவிரலை வரையச் சொன்னேன். கண்ணாடியில் முனை வழுக்குகிறது என்று முதலில் அலுத்துக்கொண்டார். பிறகு பிடி கிடைத்துவிட்டது. இன்றைய ஸ்டைலஸ்கள் பல 8,192 படிகளில் அழுத்தத்தை உணரும். அவர் கை லேசாகத் தளர்ந்தபோது கோடும் மெலிந்தது, அதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நகத்தின் ஓரத்துக்கு ஒரு கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். நன்றாக வந்ததையும் அழித்தார். ரொம்ப நேரம் கழித்து, "எங்கே நிறுத்துவது என்றே தெரியலையே" என்றார்.

அதுதான் விஷயம். ஈர வண்ணத்தில் அதிகம் கை வைத்தால் கலங்கிவிடும், காகிதம் கிழிந்துவிடும். பொருளே நம்மைத் தடுக்கும். டேப்லெட்டில் தடுக்க ஒன்றும் இல்லை, போதும் என்று நாமேதான் சொல்ல வேண்டும். கலை என்று நான் நினைப்பதே அந்த முடிவைத்தான். ஆனால் அவர் கேட்ட ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை: எண்ணெய் வண்ணம் தடிப்பாக நிற்கும் அந்த மேடு பள்ளம், பக்கத்தில் போய்ப் பார்க்கிற சுகம். பிரிண்டில் அது வராது. அந்த இழப்பு உண்மையானது.

இப்போது வேறு மாதிரிக் கேள்வி வருகிறது. "இது ஏஐ போட்டதுதானே?" ஒருவர் அப்படிக் கேட்டபோது படத்தின் அடுக்குகளான லேயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். முதல் ஸ்கெட்ச்சில் ஊசி இடது கையில் இருந்தது. அடுத்ததில் முகம் நிமிர்ந்திருந்தது, தலை குனிந்தால்தான் சரி என்று பிறகு மாற்றினேன். பார்த்துவிட்டு, "இவ்வளவையுமா தூக்கிப் போட்டீங்க?" என்றார்.

ஏஐ படங்களைப் பற்றியும் என் அளவுகோல் இதுதான். ஹெரால்டு கோஹன் என்ற ஓவியர் 1970-களின் தொடக்கத்திலிருந்து, படம் வரைவதற்காக 'ஆரோன்' என்ற நிரலைத் தானே எழுதி வளர்த்தார். கோடு எப்படி வளைய வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்ற விதிகளுக்குப் பின்னால் ஒரு ஓவியரின் கண் இருந்தது. அதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு வரி தட்டி, வந்த முதல் படத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறவரை என்னால் ஓவியர் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. யாராவது ஏஐ படத்தைக் காட்டினால், எதையெல்லாம் வேண்டாம் என்று தள்ளினீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலரிடம் நல்ல பதில் இருக்கிறது.

உங்களில் யாருக்காவது ஓவியப் பிரிவில் இடம் மறுக்கப்பட்டிருந்தால், என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுங்கள். எனக்கு 'டிஜிட்டல்' என்பதைத் தவிர வேறு காரணம் இதுவரை யாரும் சொன்னதில்லை.