ஸ்ட்ராட்ஃபோர்டு டு ஆல்ட்கேட், வாடகை மின்சைக்கிளில்: யாராவது போகிறீர்களா?

வணக்கம். லண்டனில் சைக்கிளில் வேலைக்குப் போகும் அண்ணன்கள், அக்காக்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். அடுத்த மாதம் முதல் எனக்கு ஆல்ட்கேட்டில் வேலை. காலை நேர சென்ட்ரல் லைன் சுரங்க ரயில் நெரிசல் என்னால் ஆகாது. அதனால் லண்டனின் பொது வாடகை சைக்கிளான சாண்டாண்டரின் மின்சைக்கிளை யோசிக்கிறேன்.

மதுரையில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவள்தான். ஆனால் இந்த வண்டி வேறு மாதிரி. ஒலிம்பிக் பார்க்கில் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பெடலில் கால் வைத்து அழுத்தியதுமே யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் கிளம்புகிறது. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டால் மோட்டார் உதவி நின்றுவிடும், சரி. வண்டியோ நல்ல கனம். பிரேக்கை முன்கூட்டியே பிடிக்க வேண்டியிருக்கிறது.

என் பயமெல்லாம் வழியில் வரும் 'போ' (Bow) என்ற இடத்து ரவுண்டானாதான். அதைத் தாண்டிவிட்டால் ஆல்ட்கேட் வரை பெரும்பாலும் சைக்கிளுக்கென்று தனிப்பாதை. 2024 அக்டோபரில் லாரிகளுக்கான நேரடிப் பார்வை விதியை (ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே சுற்றியிருப்பவர்களைப் பார்க்க முடிய வேண்டும் என்பது) கடுமையாக்கிவிட்டார்கள். ஆனாலும் இடப்பக்கம் திரும்பும் லாரிக்குப் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அங்கே எந்த இடத்தில் நிற்பீர்கள்? விக்டோரியா பார்க் வழியாகச் சுற்றலாம் என்றால், இருட்டியதும் பூட்டிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் என்ன செய்வது?

அப்புறம், காலையில் ஆல்ட்கேட் பக்கம் வண்டியை விட இடம் கிடைக்குமா? நிறுத்தத்தில் வண்டியைப் பூட்டும்போது பச்சை விளக்கு எரியாவிட்டால் வாடகை ஓடிக்கொண்டே இருக்குமாமே! ஹெல்மெட் இங்கே கட்டாயமில்லை, ஆனால் நான் போடுவேன். மடக்கிப் பையில் வைக்கிற மாதிரி எதுவும் தெரிந்தால் சொல்லுங்கள். கவுன்சிலின் இலவச சைக்கிள் பயிற்சிக்குப் போனவர்கள் இருந்தால், நிஜமான சாலையில் ஓட்ட வைத்தார்களா என்பதையும்.