சர்வரில் தரவுத்தளம் நிறுவியபோது நீங்கள் சந்தித்தவை

கட்டளைவரி:

மைஎஸ்கியூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகிய மூன்று தரவுத்தள மென்பொருள்களில் எதை எடுத்தாலும் நிறுவும் கட்டளை ஒரே வரிதான். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் பிறகு இணையதளம் அந்தத் தரவுத்தளத்தோடு பேசத் தொடங்கும் வரை ஆகும் பாடுதான் பெரிது. அந்தக் கட்டத்தில் நீங்கள் எதிர்கொண்டதை எழுதுங்கள். என்ன பிழைச்செய்தி வந்தது, ஏன் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று சொன்னால் அடுத்து வருபவருக்கு ஓர் இரவுத் தூக்கம் மிச்சமாகும்.

நான் தொடங்குகிறேன். உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் நிறுவினேன். முனையத்தில் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) கொடுத்து நுழைந்தால் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விட்டது. அதே ரூட் (தலைமை நிர்வாகி) பயனரைத் தளத்தின் பிஎச்பி நிரலில் எழுதியதும் அனுமதி மறுக்கப்பட்டது. எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் அதே பதில். அங்கே ரூட்டுக்குக் கடவுச்சொல் பார்க்கும் வழக்கமே இல்லை என்பதுதான் காரணம். இயங்குதளத்தில் நீங்கள் எந்தப் பயனர் என்பதை, ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் யுனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பார்க்கிறது. ரூட்டாக இருந்தால் மட்டும் விடுகிறது. இணைய சர்வர் வேறு பயனரின் பெயரில் ஓடுவதால் வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. மரியாடிபியும் 10.4 பதிப்பு முதல் இப்படித்தான்.

தேடிப் பார்த்தால் ரூட்டின் சரிபார்ப்பு முறையை மாற்றிக் கடவுச்சொல் வைக்கச் சொல்லும் குறிப்புகளே முதலில் கண்ணில் படுகின்றன. தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். தளத்துக்கென ஒரு பயனரை உருவாக்கி, அந்த ஒரு தரவுத்தளத்தின் மீது மட்டும் உரிமை கொடுங்கள். நாளை நிரலில் ஓட்டை கண்டு யாராவது நுழைந்தாலும், பக்கத்தில் இருக்கும் மற்ற தளங்களின் தரவு பிழைக்கும்.

எழுத்தெண்:

தமிழ்த் தளம் நடத்துகிறவர்களுக்கு இது கட்டாயம் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய மைஎஸ்கியூஎல் சர்வரிலிருந்து ஒரு தளத்தைப் புதியதற்கு மாற்றும் வேலை வந்தது. கட்டுரைகள் எல்லாம் தமிழ். மாற்றி முடித்துத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலைக்கோடு போட்ட லத்தீன் எழுத்து ஒன்றும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகச் சின்னமும் திரும்பத் திரும்ப வந்தன. பக்கம் பக்கமாக அதே ஜோடி. தளத்தின் உரிமையாளர் எல்லாம் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார். எதுவும் போகவில்லை.

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட்டின் மதிப்பு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. அவற்றை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்1 எழுத்துமுறை என்று நினைத்து வாசித்தால் கிடைப்பதுதான் அந்த ஜோடி. அதாவது பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. வாசிப்பவர்தான் தவறான கண்ணாடி போட்டிருக்கிறார். மைஎஸ்கியூஎல்லில் 8.0 பதிப்பு வரும் வரை, அதாவது 2018 வரை, இயல்பு எழுத்துமுறை லத்தீன்1 என்பதால் பழைய தளங்களில் இது அடிக்கடி நேரும். ஏற்றுமதி செய்யும்போது இணைப்பின் எழுத்துமுறையை லத்தீன்1 என்றே வைத்து எடுத்து, கோப்பின் தலையில் இருக்கும் அறிவிப்பை யூடிஎஃப்8எம்பி4 (முழு யூடிஎஃப்-8க்கு மைஎஸ்கியூஎல் வைத்த பெயர்) என மாற்றி ஏற்றியதும் தமிழ் திரும்பி வந்தது. பிரதி எடுத்து அதில் செய்து பாருங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள்.

கேள்விக்குறிகள் தெரிந்தால் நிலைமை வேறு. அப்போது, பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் செயல்கூற்றைக் கொண்டு அந்தப் புலத்தை வாசியுங்கள். கேள்விக்குறியின் எண்ணான 3எஃப் என்பதே வரிசையாக வந்தால், சேமித்தபோதே உண்மையான கேள்விக்குறிகளாக மாறிவிட்டன. பழைய காப்புப்பிரதியைத் தேடுவதைத் தவிர வழியில்லை. வேறு எண்கள் வந்தால் தரவு உயிரோடு இருக்கிறது, இணைப்பைத்தான் சரிசெய்ய வேண்டும்.

மைஎஸ்கியூஎல் வெறுமனே யூடிஎஃப்8 என்று அழைத்தது மூன்று பைட் வரை மட்டுமே கொள்ளும். தமிழ் மூன்று பைட்டில் அடங்கிவிடுவதால் குறை வெளியே தெரியாது. ஒருநாள் வாசகர் ஒருவர் கருத்தின் நடுவே முகக்குறி ஒன்றைப் போடுவார். அது நான்கு பைட். தவறான தரவை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறை இல்லாத சர்வரில் அந்த இடத்தோடு கருத்து வெட்டுப்படும். மீதி எங்கும் இருக்காது. நான்கு பைட்டும் கொள்ளும் யூடிஎஃப்8எம்பி4 2010இல் 5.5.3 பதிப்போடு வந்தது. அதற்கு மாறும்போது பழைய அட்டவணைகளில் குறியீட்டு (தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்) நீளம் மீறியது என்ற பிழை வந்தால் பயப்பட வேண்டாம். பழைய வரம்பு 767 பைட். 255 எழுத்துகளை மூன்றால் பெருக்கினால் 765, அடங்கும். நான்கால் பெருக்கினால் 1020, அடங்காது. 191ஐ நான்கால் பெருக்கினால் 764, அடங்கும். பழைய நிரல்களில் 191 என்ற விசித்திரமான நீளத்தைப் பார்த்திருந்தால் அது இங்கிருந்து வந்ததுதான்.

ஒன்று விட்டுப்போனது. புலத்தின் நீளத்தை முடிவுசெய்யும்போது, நாம் எண்ணும் எழுத்து வேறு, தரவுத்தளம் எண்ணும் எழுத்து வேறு. 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. தரவுத்தளத்துக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. இடம் 15 பைட். பெயருக்கு 20 போதும் என்று ஆங்கிலத்தை வைத்துக் கணக்கிட்டால், முதலெழுத்தோடு பெயர் எழுதுபவர் பதிவுசெய்ய முடியாமல் நிற்பார்.

இரவுப்பணி:

என்னுடையது சிறியது. ஒரு ஜிபி நினைவகம் உள்ள சர்வர், அப்பாச்சி, வேர்ட்பிரஸ், மைஎஸ்கியூஎல் எல்லாம் ஒன்றாக. கூட்டம் கூடும் நேரத்தில் தரவுத்தளத்தோடு இணைக்க முடியவில்லை என்று தளம் சொல்லும். மறுதொடக்கம் செய்தால் சரியாகும். மைஎஸ்கியூஎல் பதிவேட்டில் ஒன்றுமே இல்லை, திடீரென்று நின்றிருந்தது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவேட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது: நினைவகம் தீர்ந்ததால் லினக்ஸே அதை நிறுத்தியிருக்கிறது. நினைவகத்தைத் தின்றவை பிஎச்பியின் பணிச்செயல்கள். அகப்பட்டது தரவுத்தளம். பணிச்செயல்களின் உச்ச எண்ணிக்கையைக் குறைத்து, சிறிது ஸ்வாப் இடமும் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) ஒதுக்கிய பிறகு நிற்கவில்லை. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் இடையகம் இயல்பாகவே 128 எம்பி என்பதால் அதை மேலும் குறைத்தும் பெரிய பயன் கிடைத்திருக்காது.

வரிசைமுறை:

போஸ்ட்கிரெஸ் பக்கத்திலிருந்து ஒன்று. பதிப்பு 15 வந்த புதிதில், பலகாலம் வேலை செய்த அதே படிகளில் தரவுத்தளம் உருவாக்கி, பயனர் உருவாக்கி, தரவுத்தளத்தின் மீது எல்லா உரிமையும் கொடுத்தேன். ஜேங்கோ (பைதான் இணையச் சட்டகம்) முதல் அட்டவணையை உருவாக்கப் போனதும், பப்ளிக் ஸ்கீமாவில் (தரவுத்தளத்துக்குள் அட்டவணைகள் இருக்கும் பொதுப் பகுதி) அனுமதியில்லை என்றது. எல்லா உரிமையும் கொடுத்த பின் எந்த அனுமதி இல்லை?

2022இல் வெளிவந்த அந்தப் பதிப்பில், பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கலாம் என்ற பழைய தாராளத்தை நீக்கிவிட்டார்கள். தரவுத்தளத்தின் மீது கொடுக்கும் உரிமை, உள்ளே இருக்கும் ஸ்கீமாவுக்குப் போய்ச் சேராது. உருவாக்கும்போதே செயலியின் பயனரைத் தரவுத்தளத்தின் உரிமையாளராக்கிவிட்டால் போதும். இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பிழை வருகிறதே என்று அந்தப் பயனரையே சூப்பர் பயனராக்கிவிட்ட சர்வர்களைப் பார்த்திருக்கிறேன், அதுதான் வருத்தம்.

யார் எங்கிருந்து நுழையலாம் என்ற போஸ்ட்கிரெஸின் அணுகல் விதிகள் இருக்கும் கோப்பும் இப்படித்தான் குழப்பும். மேலிருந்து கீழாக வாசித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். கீழே எவ்வளவு சரியாக எழுதினாலும் மேலே ஒரு பொதுவான வரி இருந்தால் உங்கள் வரியை யாரும் வாசிக்கப் போவதில்லை.

மூடியவாசல்:

செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் டாக்கரில் தரவுத்தளம் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் சர்வரைச் சோதிக்கச் சென்றிருந்தேன். ஃபயர்வாலாக யூஎஃப்டபிள்யூ இருந்தது; 22, 80, 443 ஆகிய போர்ட்டுகள் (இணைப்பு வாசல்கள்) தவிர எல்லாம் மூடியிருப்பதாகப் பட்டியல் காட்டியது. வெளியிலிருந்து தட்டினால் மைஎஸ்கியூஎல்லின் போர்ட்டான 3306 திறந்தது. டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிடும்போது தன் விதிகளைத் தானே லினக்ஸின் வலைப் போக்குவரத்து விதிகளான ஐபிடேபிள்ஸில் எழுதிக்கொள்கிறது. யூஎஃப்டபிள்யூவின் விதிகளுக்கு வேலை வருவதற்குள் போக்குவரத்து கன்டெய்னருக்குத் திரும்பிவிடுகிறது. போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 (அதே கணினியை மட்டும் குறிக்கும் முகவரி) சேர்த்து எழுதியதும் வாசல் அடைபட்டது. செயலியும் டாக்கரில்தான் ஓடுகிறது என்றால், இரண்டையும் ஒரே உள்வலையில் போட்டுவிட்டு, போர்ட்டை வெளியிடாமலே விடலாம்.

2017 தொடக்கத்தில் இப்படித் திறந்து கிடந்த மாங்கோடிபி தரவுத்தள சர்வர்களை ஆயிரக்கணக்கில் துடைத்து, பணம் கேட்டுக் குறிப்பு வைத்துவிட்டுப் போனார்கள். சில வாரங்களில் மைஎஸ்கியூஎல்லுக்கும் அதே நடந்தது. பட்டியலை நம்பாமல், வேறொரு கணினியிலிருந்து உங்கள் சர்வரைத் தட்டிப் பாருங்கள்.

கட்டளைவரி:

மூடியவாசல், மிக்க நன்றி. இப்போதே எங்கள் சர்வர்களை வெளியிலிருந்து சோதிக்கிறேன். காப்புப்பிரதி பற்றி யாரும் எழுதவில்லையே?

அடுக்குப்பெட்டி:

நான் எழுதுகிறேன். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் தளத்தில் தரவுத்தளக் கோப்புறை தவறுதலாக அழிந்தது. அவர்களே வெளிப்படையாக எழுதிய அறிக்கையில் என்னை உலுக்கியது அழிந்த செய்தியல்ல. அன்றாடக் காப்புப்பிரதி எடுக்கும் போஸ்ட்கிரெஸ் கருவியான பிஜி-டம்ப், சர்வரைவிடப் பழைய பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணிநேரத் தரவு போனது.

அதை வாசித்த பிறகு, எடுத்த பிரதியை வெற்று சர்வர் ஒன்றில் ஏற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கினேன். முதல்முறை ஏற்றியபோதே ஒன்று தெரிந்தது. அட்டவணைகள் எல்லாம் வந்தன, தளம் மட்டும் இணையவில்லை. ஒரு தரவுத்தளத்தை மட்டும் எடுக்கும் பிரதியில் பயனர்கள் இருப்பதில்லை; மைஎஸ்கியூஎல் என்றால் அவர்களது உரிமைகளும் இருப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி-டம்ப்ஆல் கட்டளையில் பொதுவானவற்றை மட்டும் எடுக்கும் விருப்பம் இருக்கிறது, அதைத் தனியாக ஓட்டுங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் பயனரை உருவாக்கிய கட்டளைகளையும் உரிமை கொடுத்த கட்டளைகளையும் ஒரு கோப்பில் எழுதி, பிரதியோடு சேர்த்து வையுங்கள். இன்னோடிபி அட்டவணைகளுக்கு, பிரதி எடுக்கும் கட்டளையில் ஒற்றைப் பரிவர்த்தனை விருப்பத்தைச் சேர்த்தால், தளத்தை நிறுத்தாமலே முரணில்லாத பிரதி கிடைக்கும். பழைய சேமிப்பு இயந்திரமான மைஐசாமின் அட்டவணைகளுக்கு அது பலிக்காது.